செஞ்சி யாருடைய கோட்டை?

செஞ்சி இராசகிரியின் இடிந்த மதில்கள் 2025 சூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்று என்பதே அங்கு அதற்குரிய அடையாளம். மகிழ்கிறோம். ஆயினும் மராட்டியர் 1677இல் கைக்கொள்ளுமுன் நாயக்கரும், 1649 முதல் பீசப்பூர் சுல்தான்களும் அதனை ஆண்டனர். 1698இல் முகலாயர் வென்றனர். ஒரு பெயருக்குள் செஞ்சியை அடக்குதல் தகுமா?

தேசிங்கு கதையையே நோக்குவோம். ஆர்க்காட்டு நவாபு சாததுல்லாகானை எதிர்த்து 1714இல் களத்தில் மாண்டவன் தேசிங்கு. அதனைச் சமயப் போராகக் காட்டுவாரும் உளர். பூசலின் வித்தோ கப்பப் பாக்கி! நவாபின் படைக்கு எதிரே தேசிங்கின் பக்கம் நின்று உயிர்நீத்த நண்பர் மகபத்கான் ஒரு முஸ்லிம் அன்றோ? மணக்கோலத்தை விடுத்துப் போர்க்களம் புகுந்தார் என நாட்டார் கதைப்பாடல் அவரைப் போற்றுகிறது.

அடிவாரத்தில் வேங்கடரமணர் கோயிலும், அதற்கு அண்மையில் 1717-18இல் எழுந்த சாததுல்லாகான் பள்ளிவாசலும் நிற்கின்றன. கோயில் தூண்கள் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர் கொண்டுசென்றனர். புதுவைக் கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்பவை அவையே.

கோட்டையின் அறிவிப்புப் பலகைகளில் மராட்டியர் பெயரோடு மகபத்கான் பெயரும் இடம்பெறல் வேண்டும். இக்கதையைப் பாட வல்ல முதியோரைத் தேடி, அவர்தம் குரலை ஒலிப்பதிவு செய்யும் பணியைத் தமிழ்த்துறை மாணவர்கள் இவ்வாண்டே தொடங்கலாம்.