வெறும் காணி எண்டு ஒண்டு இல்லை

தோட்டவெளிக்கு முதல்தரம் வாற கம்பஸ் நண்பர்கள் சொல்லுறது ஒண்டுதான்: "என்னடா, ஒரே வெறும் காணியாக் கிடக்கு!" மணல், பனை, குடை விரிச்ச மாதிரி உடைமரம். பச்சைக்காடு இல்லாத இடம் ஆரோ அழிச்ச இடம், இல்லாட்டி ஒண்டுக்கும் உதவாத இடம் என்ற நினைப்பு எங்களுக்குள்ளயும் இருக்கு. அது பிழை.

மேற்கு ஆபிரிக்காவைப் பாருங்கள். கரையோர மழைக்காடு டோகோ, பெனின் நாடுகளில் அறுந்து, புல்வெளி கடல்வரை வருகிறது. 'தகோமே இடைவெளி' என்று அதற்குப் பெயர். பெனின் ஏரியொன்றின் அடிச்சேற்றில் புதைந்திருந்த மகரந்தத்தை ஆராய்ந்தபோது, முன்பு அங்கே காடு இருந்ததும், சுமார் 4500 ஆண்டுகளுக்கு முன் மழை குறைய அது பின்வாங்கியதும் தெரியவந்தது.

கினியாவில் கதை இன்னும் சுவாரசியம். புல்வெளிக்கு நடுவில் ஊர்களைச் சுற்றி மட்டும் காட்டுத்திட்டுகள். மிச்சக் காட்டை ஊர்ச்சனம் அழித்துவிட்டது என்று பிரெஞ்சு அதிகாரிகள் குற்றம் சாட்டினார்கள். பழைய வான்படங்களைப் பார்த்தும் ஊரவரிடம் கேட்டும் ஆராய்ந்த ஃபெயர்ஹெட், லீச் இருவரும் 1996இல் எழுதிய நூலில் காட்டியது நேர்மாறு: அந்தத் திட்டுகளை வளர்த்ததே ஊர்ச்சனம்தான்.

எங்கட நாட்டிலயும் இப்படித்தான். 20,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை பலவீனமாக இருந்தது. இன்று ஈரமான ஹோர்ட்டன் சமவெளிகூட அப்போது வறண்டு கிடந்ததை அங்குள்ள மகரந்தம் சொல்கிறது. கடல் மட்டம் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. மன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு நடந்தே போயிருக்கலாம்!

பள்ளிமுனைப் பெருக்கமரம் ஆபிரிக்க இனம். அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். தண்டில் நீரைச் சேர்த்து, வறட்சியில் இலையை உதிர்க்கத் தெரிந்த மரம். அதுக்கு எங்கட ஊர் வெறும் காணியாத் தெரியேல்லை.

காலநிலையைக் காட்டி மனிதர் வெட்டியதை மூடி மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் 'வெறும் காணி' எண்டு பெயர் வைச்சால், அங்க எதையும் தோண்டலாம், எதையும் நடலாம். 2025 ஆகஸ்டில் காற்றாலைக்கும் கனியமணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார்ச் சனம் தெருவுக்கு வந்ததை அப்படித்தான் நான் விளங்கிக்கொள்கிறேன். காற்றாலை மின்சாரம் நாட்டுக்குத் தேவைதான். ஆனால் இங்க என்ன இருக்கு எண்டு முதலில் கேளுங்கோ. இந்த உடைமரத்துக்கும் ஒரு வரலாறு இருக்கு.