பின் வில்லுக்கு ஒரு றப்பர் துண்டு

யாழ்ப்பாணத்தாருக்குப் பழைய மொறிஸ் மைனர் காரின் மீதுள்ள பற்று ஊரறிந்தது. 1990 முதல் பல ஆண்டுகள் வடக்கே பெற்றோல் வரத் தடையிருந்த காலத்தில், சில துளிப் பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்களல்லவா! அத்தகைய காரை இன்றும் வைத்திருப்பவர் அதற்குப் பெயின்ற் அடிக்கிறார். இருக்கைக்குப் புது உறை தைக்கிறார். பம்பரில் முகம் பார்க்கலாம். ஆனால் பின் அச்சுக்கும் வில்லுக்கும் இடையே கிடக்கும் றப்பர் மெத்தையை யார் குனிந்து பார்க்கிறார்?

1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த இந்தக் காரின் முன்புறத்தை முறுக்குக் கம்பிகள் தாங்குகின்றன. பின்புறமோ குதிரை வண்டிக் காலத்து ஏற்பாடு: ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உருக்குப் பட்டைகள். அந்த அடுக்கையும் அச்சையும் யூ போல்ற்றுகள் சேர்த்து இறுக்குகின்றன. இரும்போடு இரும்பு உராயாமலும், தெருவின் அதிர்வு உள்ளே ஏறாமலும் காப்பது இடையிலுள்ள றப்பர்தான். அச்சிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் அது ஊறிக் கூழாகிவிடும். வயதானால் வெடித்து உதிரும். அப்போது பிடி தளர்கிறது. பட்டைகளைக் கோத்திருக்கும் மெல்லிய நடு போல்ற்றின் மேல் பாரமெல்லாம் விழுகிறது. அது முறிந்தால் அச்சு இடம் பெயரும். கார் நண்டுபோலச் சாய்ந்து ஓடும். பின் இருக்கையில் பேரப்பிள்ளைகள் இருக்கும்போது ஒரு வளைவில் இது நேர்ந்தால்?

பழைய டயரை வெட்டிச் செருகினால் போதும் என்பார் சிலர். எதுவும் கிடைக்காத நாளில் அது சாமர்த்தியம். இன்று அது வெறும் கஞ்சத்தனம். இடப்பக்கத் துண்டு ஒரு கனம், வலப்பக்கம் வேறு கனம் என்றால் கார் எப்படி நேராக நிற்கும்? இதற்கென்றே வார்த்த றப்பர் இங்கிலாந்தில் இன்றும் விற்கிறது. பெயின்றுக்குக் கொட்டும் பணத்தில் அது ஒரு சிறு பங்கு.

மாற்றுவதிலும் அவசரம் ஆகாது. ஜாக்கை மட்டும் நம்பிக் காரடியில் படுப்பது தற்கொலைக்குச் சமம். உடம்பை உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, அச்சுக்குத் தனியே முட்டுக் கொடுக்க வேண்டும். துருவைச் சுரண்டித் துடைக்க வேண்டும். றப்பருக்குக் கிறீஸ் எதிரி. சவர்க்காரத் தண்ணீர் போதும். நடு போல்ற்றின் தலை அதற்குரிய துளையில் சரியாக அமர்ந்ததா என்று விரலால் தடவிப் பார்ப்பதே முக்கியம். அது அமராவிட்டால் எவ்வளவு முறுக்கியும் பயனில்லை. துருப்பிடித்த யூ போல்ற்றைத் திரும்பப் போடுவதும் வீண் சிக்கனமே. நட்டுகளை நாலு பக்கமும் சிறிது சிறிதாக முறுக்கி, சில்லுகள் தரையில் ஊன்றிய பிறகு கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும்.

புது றப்பர் சிறிது அமுங்கும். ஆகையால் சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் மறுபடியும் இறுக்க வேண்டும். அதற்காகக் கராஜுக்குத் திரும்பி வரும் உரிமையாளர் அரிது. "கார்தான் நன்றாய் ஓடுதே, இனி என்ன?" என்பார்!