இடைகழியில் இடம் உண்டு

தென்பெண்ணையாற்றின் கரையிலுள்ள திருக்கோவலூரில், மழை கொட்டிய ஓர் இரவில் நிகழ்ந்ததை அடியார்கள் அனைவரும் அறிவர். காஞ்சியில் அவதரித்த பொய்கையாழ்வார், மிருகண்டு முனிவரின் ஆசிரமத்து இடைகழியில் ஒதுங்கினார். ஒருவர் படுக்க மட்டுமே அங்கு இடம் இருந்தது. சற்று நேரத்தில் கடல்மல்லையில் அவதரித்த பூதத்தாழ்வார் வந்து சேர, இருவரும் அமர்ந்துகொண்டனர். பின்னர் மயிலையில் அவதரித்த பேயாழ்வார் வந்தார். மூவரும் எழுந்து நின்றனர். நான்காவதாக ஒருவர் புகுந்து நெருக்குவதை இருளில் உணர்ந்த பிறகே, வந்தவர் யாரென்று அறிய ஆழ்வார்கள் பாமாலைகளால் விளக்கேற்றினர். அத்தலத்து எம்பெருமான் உலகளந்த திருவிக்கிரமன். ஓரடியால் மண்ணையும் மற்றோரடியால் விண்ணையும் அளந்தவருக்கு, மூவர் உட்காரவும் போதாத அந்த இடைகழி போதுமானதாக இருந்தது.

இடைகழி என்பது வாசலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவிலுள்ள நடை. ரேழி என்றால் பலருக்கு உடனே விளங்கும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், அடுக்களை, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக நீண்ட வீடுகளில் வாழ்ந்து பழகிய பெரியவர்கள் பலர், முதுமையில் அந்த ரேழியைவிடச் சற்றே பெரிய அடுக்ககங்களுக்குக் குடிபெயர்கிறார்கள். அப்போது எழும் முதல் கேள்வி கட்டில் எங்கே, பீரோ எங்கே என்பதன்று. சுவாமி எங்கே என்பதே.

காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் 45 ஆண்டுகள் குடித்தனம் நடத்திய ஒரு தம்பதியின் அனுபவம் இது. பிள்ளைகளின் வற்புறுத்தலாலும் முழங்கால் வலியாலும் அவர்கள் சென்னையில் 550 சதுர அடி வீடொன்றுக்கு வந்தார்கள். லாரியில் உடன் வந்தவை: கூடத்து ஊஞ்சல் பலகையும் அதன் சங்கிலிகளும், முப்பதுக்கும் மேற்பட்ட சுவாமி படங்கள், கொலுப் பொம்மைகள் நிறைந்த இரண்டு டிரங்குப் பெட்டிகள், வெண்கலப் பாத்திரங்கள், ஆளுயரத்தில் பாதியிருக்கும் குத்துவிளக்குகள் இரண்டு, வெண்ணெய்க் கண்ணனின் தஞ்சாவூர்ப் படம் ஒன்று. முதல் வாரத்தில் அது வீடாக இல்லை, கிடங்காக இருந்தது. அம்மையார் மூன்று நாள் அடுப்பு மேடையின் ஓரத்தில், தாளிதம் தெறிக்கும் தூரத்தில் விளக்கேற்றினார். நான்காம் நாள், “சுவாமியை வாடகைக்குக் குடிவைத்தது மாதிரி இருக்கிறதே” என்று கூறிக் கண்கலங்கினார். அவர் கணவரோ, “எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிடுவோம். நமக்கு இனி என்ன?” என்றார்.

இரண்டுமே வேதனையில் வந்த சொற்கள். எதையும் விடமாட்டேன் என்பதில் வீடு மூச்சுத் திணறுகிறது. எல்லாவற்றையும் விட்டுவிடுவேன் என்பதில் வீட்டுக்குரியவரே அங்கு விருந்தாளி ஆகிவிடுகிறார். இரண்டாவது நிலையே அதிக வருத்தத்துக்குரியது. பெரியவர்கள் அதை வைராக்கியம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது அயர்ச்சி.

வழி காட்டியவர் ஊரிலிருந்து வந்த மகள். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “அம்மா, இதில் நீ தினமும் தொடுவது எது?”

அம்மையார் எடுத்து வைத்தவை ஒரு தாம்பாளத்துக்குள் அடங்கின. பஞ்சாயதன மூர்த்திகள் இருக்கும் வெள்ளிச் சம்புடம், திருமணத்தில் வந்த சிறிய காமாட்சி விளக்கு, மணி, பஞ்சபாத்திரம், ஒரு சாண் உயரக் கிருஷ்ண விக்கிரகம். அவ்வளவே! வீட்டில் வைத்து வழிபடும் மூர்த்தி கட்டைவிரற் கணு அளவு முதல் ஒரு சாண் வரை இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம் என்று மச்ச புராணம் வரையறுக்கிறது. பஞ்சாயதன பூஜையோ அதனினும் சுருக்கமானது. கண்டகி நதியின் சாளக்கிராமம் திருமாலாகவும், நர்மதையின் பாணலிங்கம் சிவபெருமானாகவும், சோணை நதியின் செந்நிறக் கல் விநாயகராகவும், சுவர்ணமுகியாற்றுக் கல் அம்பிகையாகவும், தஞ்சையை அடுத்த வல்லத்தின் படிகம் சூரியனாகவும் எழுந்தருள்கின்றனர். நேபாளத்து மலையடிவாரம் முதல் சோழநாடு வரை உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது. சிறிய வீட்டுக்காக வழிபாட்டைச் சுருக்க வேண்டியதில்லை. அது முன்னமே சிறியதாகத்தான் வகுக்கப்பட்டிருக்கிறது.

கூடத்துச் சுவரில் ஒன்றரை அடி ஆழமுள்ள அலமாரி ஒன்று இருந்தது. அதில் செருப்பும் செய்தித்தாளும் வைப்பதாக முதலில் ஏற்பாடு. அவை வாசற்புறத்துச் சிறு பெட்டிக்குப் போயின. அலமாரியின் உள்ளே வெள்ளை அடித்து, ஓரங்களில் காவிப் பட்டை தீட்டி, சுவாமியைக் கிழக்கு நோக்கி எழுந்தருளப் பண்ணினார்கள். முதல் நாளே ஒரு குறை தெரிந்தது. விளக்கை உள்ளே வைத்தால் மேல் தட்டில் சூடேறிக் கரி படிகிறது. மரத்தட்டாயின் கருகவும் கூடும். ஆகவே இழுத்தால் வெளியே வரும் பலகை ஒன்றைத் தச்சர் பொருத்தினார். விளக்கேற்றும் நேரத்தில் பலகை வெளியே வரும். திரைச்சீலையும் புடவைத் தலைப்பும் படாத தூரத்தில் தீபம் நிற்கும். பூஜை முடிந்து, தீபம் மலையேறிய பின் பலகை உள்ளே போய்விடும்.

அலமாரியின் உயரமும் கவனத்துக்குரியது. தரையில் அமர்ந்து பூஜை செய்த பழக்கம் முழங்கால் வலியால் இயலாமற்போனதே அம்மையாரின் பெருங்குறை. நாற்காலியில் அமர்ந்து செபிப்பது குற்றமோ என்ற ஐயம் அவருக்கு நெடுநாள் இருந்தது. பதஞ்சலி முனிவர் ஆசனத்துக்கு விதித்தவை உறுதியும் சுகமும் ஆகிய இரண்டு மட்டுமே. தரையில்தான் அமர வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அமர்ந்த நிலையில் கண்ணுக்கு நேராக மூர்த்தி தெரியும்படி தட்டை ஏற்றி அமைத்தார்கள். பாராயண நூலுக்குச் சிக்குப்பலகை ஒன்று, எழுத்தில் மட்டும் ஒளி விழும் சிறு விளக்கு ஒன்று. நெஞ்சு வலிக்கக் குனிந்து படித்தவர், இப்போது நிமிர்ந்து படிக்கிறார்.

முப்பது படங்களின் கதை எளிதாக முடியவில்லை. ஒவ்வொன்றும் ஒரு யாத்திரை. திருப்பதியில் வாங்கியது, பழனியில் வாங்கியது, மாமனார் காசியிலிருந்து கொண்டுவந்தது. சுவர் முழுவதும் மாட்டிப் பார்த்தார்கள். எந்தப் படத்திலும் கண் நிலைக்கவில்லை. திருவரங்கம் ஏழு திருச்சுற்றுகளோடு 156 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது. கோபுரங்களில் சிற்பங்களுக்கும் வண்ணங்களுக்கும் குறைவில்லை. உள்ளே செல்லச் செல்ல யாவும் சுருங்குகின்றன. கருவறையை அடையும்போது இருள், தீபம், அரங்கன் என்று ஆகிவிடுகிறது. அங்கு கண்ணுக்கு வேறு வேலை இல்லை.

அந்த முறையையே கூடத்துச் சுவரிலும் பின்பற்றினார்கள். தஞ்சாவூர்ப் படம் ஒன்று மட்டுமே அங்கு இடம்பெற்றது. அத்தகைய படம் பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடிக் கலவையால் மேடுபடுத்தி, தங்கத்தகடு பதித்துச் செய்யப்படுவது. ஈரம் அதற்கு ஆகாது. எனவே குளியலறையை ஒட்டிய சுவரையும், மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரையும், நேர் வெயில் விழும் இடத்தையும் தவிர்த்து உட்சுவரில் மாட்டினார்கள். ஈரத்துணியால் துடைக்காமல், மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசி தட்டுவதே அதற்குரிய பராமரிப்பு. மாலையில் கீழே விளக்கேற்றினால் பொன்தகடு மெல்ல ஒளிர்கிறது. அந்தச் சுவருக்கு வேறு அலங்காரம் தேவைப்படவில்லை.

மற்றப் படங்களை என்ன செய்வது? பலர் அவற்றை அரசமரத்தடியில் வைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அங்கே அவை மழையில் நனைந்து, கண்ணாடி உடைந்து, வலம் வருவோரின் காலைக் கிழிக்கின்றன. பல ஆண்டு பூவும் பொட்டும் இட்ட படத்துக்கு இது தகாது. நல்ல படங்களை உறவினருக்கு, எந்தத் தலத்தில், எந்த ஆண்டில் வாங்கியது என்று பின்புறம் எழுதிக் கொடுத்தார்கள். பழனி முருகன், முதன்முதலாக வேலைக்குப் போன பேரனின் அறைக்குச் சென்றார். பெரிய குத்துவிளக்குகள் இரண்டும், கோயிலாரைக் கேட்டு அவர்கள் இசைந்த பின், ஊர் அம்மன் சன்னதிக்குப் போய்ச் சேர்ந்தன. காசிப் படத்தை மட்டும் அம்மையார் கொடுக்கவில்லை. அது படுக்கையறையில், விழித்ததும் கண்ணில் படும் இடத்தில் இருக்கிறது.

பெரியவருக்கு மனக்கஷ்டம் தந்தது ஊஞ்சல். அவருடைய தந்தை அதில் அமர்ந்துதான் கணக்கு எழுதுவார். பிள்ளைகளின் திருமணங்களில் அதில்தான் ஊஞ்சல் பாட்டு. பத்தடிக் கூடத்தில் அதை மாட்டினால் ஆடவும் இடமில்லை, நடக்கவும் இடமில்லை. விற்பதற்கு ஆளும் வந்தாயிற்று. விலை பேசும்போது அவர் உள்ளே எழுந்து போய்விட்டார். மகள் ஆளைத் திருப்பி அனுப்பினார். ஆறடித் தேக்குப் பலகைக்குத் தச்சர் பதினெட்டு அங்குல உயரத்தில் கால்கள் பொருத்திக் கொடுத்தார். முழங்கால் வலி உள்ளவர் சிரமமின்றி எழுந்து அமர ஏற்ற உயரம் அது. பித்தளை வளையங்களைக் கழற்றவில்லை; நான்கு மூலைகளிலும் அப்படியே இருக்கின்றன. பகலில் அதுவே இருக்கை, பிற்பகலில் கட்டில். சங்கிலிகளில் ஒரு துண்டு, அலமாரிக்குப் பக்கத்தில் தூக்குவிளக்கைத் தாங்குகிறது.

கொலு ஒன்பது படியிலிருந்து மூன்று படியாயிற்று. எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்ற மரபு மீறப்படவில்லை. மரப்பாச்சி இணைக்கு எப்போதும்போல் மேற்படி. மற்றப் பொம்மைகளில் ஆண்டுக்கு ஒரு தொகுதிக்கு முறை வருகிறது. இந்த ஆண்டு தசாவதாரம் என்றால், மற்றவை உலர்ந்த வேப்பிலையோடு கட்டிலுக்கடியில் பெட்டியில் ஓய்வெடுக்கும். ஒன்பது படியில் பார்த்தும் பாராமலும் போன வாமனனை, மூன்று படியில் குழந்தைகள் கையில் எடுத்துக் கதை கேட்கிறார்கள்.

அடுக்களையில் தங்கியவை கல்சட்டியும் ஈயச்சொம்பும் ஒரு வெண்கலப்பானையும். வெறும் ஈயச்சொம்பை அடுப்பில் வைத்தால் உருகிவிடும், ரசத்தை ஊற்றிய பிறகே ஏற்ற வேண்டும் என்பதை மருமகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பும் அதனால் கிடைத்தது. வாசலில் பெரிய கோலத்துக்கு இடமில்லை. பொதுநடையில் ஈர மாவு வழுக்கும் என்ற அச்சமும் உண்டு. ஆகவே மரமணை ஒன்றில் இழைக்கோலம் இட்டுக் காவி பூசி, உலர்ந்த பின் கதவோரம் சாய்த்து வைக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் கோலம் மாறும். எதிர்வீட்டுப் பெண்மணி, இப்போது தாமும் ஒரு மணை வாங்கியிருக்கிறார்.

குளியலறையில் கைப்பிடி, இரவில் எரியும் சிறு விளக்கு, தடுக்கும் மிதியடிகளை அகற்றியது ஆகியவற்றை மகன் கவனித்துக்கொண்டார். இவற்றைப் பெரியவர்கள் தாமாகக் கேட்பதில்லை. பிள்ளைகள்தாம் கேளாமலே செய்ய வேண்டும்.

அந்த ஆண்டுத் தீபாவளிக்கு முந்தைய இரவு கனமழை. மகள் குடும்பம், மகன் குடும்பம், ஊருக்குத் திரும்ப இயலாமல் தங்கிவிட்ட உறவினர் ஒருவர் என்று அந்தச் சிறு வீட்டில் பத்துப் பேர். ஊஞ்சல் பலகையில் ஒரு பேத்தி, அதன் கீழே பாயில் இரு பேரன்கள், அலமாரியை ஒட்டி மகளும் மருமகளும். அம்மையார், குழந்தைகளின் கால் படாதபடி விளக்குப் பலகையை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். பெரியவருக்குப் படுக்க இடமில்லை. வாசல் நடையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அமர்ந்தார். நள்ளிரவில் அம்மையார் எழுந்து வந்து, “உள்ளே வந்து கொஞ்சம் சாய்ந்துகொள்ளுங்கள், நான் உட்கார்ந்துகொள்கிறேன்” என்றார்.

“வேண்டாம். இன்னும் யாராவது வந்தாலும் வரலாம்” என்று கூறிப் பெரியவர் நாற்காலியைச் சற்று நகர்த்தி வைத்தார்.