மறக்கத் தெரிந்த மெஷின்

கம்ப்யூட்டருக்கு மறதி வருமா என்று கேட்டால், வரும் ஸார். காசு கொடுத்து வரவழைக்கிறார்கள்.

சில ஆபீஸ்களில் மானிட்டருக்குப் பின்னால் டிபன் பாக்ஸ் சைஸில் ஒரு பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும், கவனித்திருப்பீர்கள். அதன் பெயர் தின் கிளையன்ட். ஒல்லிப்பிச்சான். அநேகமாக ஃபேன் இருக்காது, சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்காது, பத்துப் பதினைந்து வாட் கரென்ட்டில் காலம் தள்ளும். நிஜ உழைப்பெல்லாம் எங்கேயோ ஏ.ஸி. ரூமில் உட்கார்ந்திருக்கும் சர்வருடையது. நீங்கள் தட்டுவதை அங்கே அனுப்பி, அங்கிருந்து வரும் படத்தை இங்கே காட்டுவதுதான் ஒல்லியின் உத்தியோகம். போஸ்ட்மேன் வேலை.

போஸ்ட்மேனுக்கு எதற்குப் பெரிய மூளை? அதனால் உள்ளே இருப்பது எம்பெடட் ஆபரேட்டிங் சிஸ்டம். நமக்குத் தெரிந்த விண்டோஸ் எக்ஸ்பி தலைவாழை இலைச் சாப்பாடு என்றால், 2001-ல் வந்த எக்ஸ்பி எம்பெடட் அளவுச் சாப்பாடு. பெட்டி செய்கிற கம்பெனி தனக்கு வேண்டிய அயிட்டங்களை மட்டும் பொறுக்கி இலையில் வைத்துக்கொள்ளலாம். ஏ.டி.எம்.மிலும், சூப்பர் மார்க்கெட் பில் மெஷினிலும் இருந்தது இதன் பங்காளிகள்தான்.

மறதி விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பெட்டிகளில் டிஸ்க்குக்குப் பதில் ஃப்ளாஷ் மெமரி. அதில் இத்தனை தடவைதான் எழுதி அழிக்கலாம் என்று ஆயுள் ரேகை உண்டு. விண்டோஸோ சும்மா இருக்கும்போதுகூட எதையாவது கிறுக்கிக்கொண்டே இருக்கும். எனவே நடுவில் ரைட் ஃபில்டர் என்று ஒரு வாட்ச்மேனைப் போட்டார்கள். டிஸ்க்கில் எழுத வருகிற எதையும் இவன் தடுத்து, "அங்கே வேண்டாம், இந்த சிலேட்டில் எழுது" என்று ராமுக்குத் திருப்பிவிடுவான். ஆஃப் செய்தால் சிலேட்டு சுத்தம். மறுநாள் காலை மெஷின் ஃபேக்டரியிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ, அப்படியே எழுந்திருக்கும்.

ஃப்ளாஷைக் காப்பாற்றத்தான் கொண்டுவந்தார்கள். கூடவே வேறு லாபங்களும் வந்தன. வைரஸ் வந்தால்? ஸ்விட்சை அணைத்துப் போடு. யாரோ வால்பேப்பரை மாற்றிவிட்டார்களா? அணைத்துப் போடு. சிஸ்டம் டிபார்ட்மென்ட்காரர்கள் இதைப் பார்த்துக் கண்ணீர் மல்கினார்கள்.

மற்றவர்கள் வேறு காரணத்துக்காக மல்கினார்கள். ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் (பெயர் வேண்டாமே) வேலை பார்க்கும் நண்பர், மூன்று நாள் உழைத்துச் செய்த வசூல் பட்டியலை டெஸ்க்டாப்பில் ஸேவ் செய்தார். மூன்று நாளும் மெஷினை அணைக்கவில்லை, பட்டியலும் பத்திரமாக இருந்தது. சனிக்கிழமை சாயந்திரம், மின்சார சிக்கனம் கருதி, பொறுப்பாக அணைத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை பட்டியல் இல்லை. புகார் செய்தால், "சர்வரில் உங்க ஃபோல்டர்ல ஸேவ் பண்ணணும் ஸார், சர்க்குலர் அனுப்பியிருந்தோமே" என்று பதில். அந்த சர்க்குலரையும் அவர் டெஸ்க்டாப்பில்தான் ஸேவ் செய்து வைத்திருந்தாராம்.

மனிதர்கள் பாடு இருக்கட்டும், மெஷினே தன்னை மறந்துபோகிற கதை இன்னும் விசேஷம். ஆபீஸ் நெட்வொர்க்கில் சேர்ந்த ஒவ்வொரு விண்டோஸ் கம்ப்யூட்டருக்கும் சர்வருடன் பேச ஒரு ரகசிய பாஸ்வேர்டு உண்டு. யாரையும் கேட்காமல் 30 நாளைக்கு ஒரு முறை அதுவே அதை மாற்றிக்கொள்ளும். சர்வரிடம் புது பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டு, தானும் குறித்துவைத்துக்கொள்ளும். எங்கே? சிலேட்டில்! மறுநாள் எழுந்ததும் பழைய பாஸ்வேர்டைச் சொல்ல, சர்வர் துஷ்யந்தன் மாதிரி "யாரம்மா நீ?" என்று கேட்கும். நம்பிக்கை உறவு முறிந்தது என்ற பொருளில் ஒரு செய்தி திரையில் வரும். டைவர்ஸ் நோட்டீஸ் மாதிரியே இருக்கும். இந்த ஒரு ரகசியத்தை மட்டும் டிஸ்க்கில் எழுத விடு என்று வாட்ச்மேனிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வழி இருக்கிறது. சொல்லாமல் விட்ட ஆபீஸ்களில் மாதம் ஒரு முறை குடும்பக் கோர்ட்.

*

ஒல்லிப் பெட்டிக்கு என்று செய்த இந்தச் சங்கதியைப் பழைய டெஸ்க்டாப்பில் போட்டால் என்ன என்ற யோசனை மைக்ரோசாஃப்ட்டுக்கே வந்தது. 2006-ல் எக்ஸ்பி எம்பெடட்டை எடுத்து, 'விண்டோஸ் ஃபண்டமென்டல்ஸ் ஃபார் லெகஸி பிஸிஸ்' என்று வாயில் நுழையாத பெயர் வைத்து, பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் கொடுத்தார்கள். 64 எம்.பி. ராம் உள்ள கிழட்டுப் பென்டியமும் எழுந்து நடக்கும். ஆனால் லைசென்ஸில் ஒரு வரி வைத்தார்கள் பாருங்கள். அந்த மெஷினில் சர்வரோடு பேசலாம், பிரௌஸர் பார்க்கலாம், டாக்குமென்டைத் திறந்து படிக்கலாம். அதிலேயே உட்கார்ந்து லெட்டர் டைப் அடிக்கக் கூடாது! கல்யாண வீட்டில் பந்தியைப் பார்க்கலாம், உட்காரக் கூடாது என்கிற மாதிரி.

ஜனங்கள் சும்மா இருப்பார்களா? 2014 ஏப்ரலில் சாதா எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றது. பில் மெஷின்களுக்கான பதிப்புக்கு மட்டும் 2019 ஏப்ரல் வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. அடுத்த மாதமே யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். ரெஜிஸ்ட்ரியில் ஒரு சின்னக் குறிப்பு எழுதினால், உங்கள் வீட்டு எக்ஸ்பி தன்னை மளிகைக்கடைக் கல்லாப்பெட்டி என்று நம்பிவிடும், அப்டேட்டும் வந்து கொட்டும். அது சாதா எக்ஸ்பிக்காகச் சோதித்ததல்ல, ஜாக்கிரதை என்றது மைக்ரோசாஃப்ட். கேட்டவர்கள் கேட்டார்கள்.

நம் ஊர் ஏ.டி.எம்.கள் எக்ஸ்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததால், 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி ஒரு வருஷம் கெடு கொடுத்து மாற்றச் சொல்ல வேண்டியிருந்தது.

*

இப்போது அதே கூத்து விண்டோஸ் 10-க்கு. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு சாதா பதிப்புகளின் இலவச ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், 2017-க்கு முந்திய பிராஸஸர்களைப் பெரும்பாலும் அது வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. கம்பெனிகள் காசு கட்டினால் மூன்று வருஷம் நீட்டிப்பு. முதல் வருஷம் ஒரு மெஷினுக்கு 61 டாலர், அடுத்த வருஷம் 122, அதற்கடுத்து 244. மீட்டர் வட்டிக்காரர்கள்கூட இவ்வளவு தைரியமாக ரேட் கார்டு போட மாட்டார்கள். 15 மெஷின் உள்ள ஆபீஸுக்கு மூன்று வருஷத்தில் 6,405 டாலர்.

பி.காம். படித்தவன் என்பதால் இன்னொரு கணக்கும் போட்டேன். கம்ப்யூட்டருக்கு வருமான வரித் தேய்மானம் 40 சதவீதம். 40,000 ரூபாய்க்கு வாங்கியது ஐந்து வருஷத்தில் புத்தகத்தில் 3,110 ரூபாய். 3,110 ரூபாய்ப் பொருளுக்கு 427 டாலர் மருந்துச் செலவு!

இதே விண்டோஸ் 10-க்கு ஓர் உடன்பிறப்பு இருக்கிறது: ஐ.ஓ.டி. என்டர்பிரைஸ் எல்.டி.எஸ்.ஸி. 2021. அதே மூஞ்சி, அதே குரல். அதற்கு மட்டும் 2032 ஜனவரி வரை ஆயுள். உடனே உங்கள் ஏரியா கம்ப்யூட்டர் பையன், "அதைப் போட்டுத் தரேன் ஸார், ஐந்நூறு ரூபா" என்பான். போடும். ஓடும். ஆனால் அது ஒரே வேலை செய்கிற சாதனங்களுக்கென்று, சாதனத்தோடு சேர்த்து விற்கிற சரக்கு. அக்கவுண்ட்ஸ், லெட்டர், மெயில் என்று சகலமும் செய்கிற டெஸ்க்டாப்பில் போடுவது லைசென்ஸுக்கு விரோதம். ஆடிட் வந்தால் பையன் வர மாட்டான்.

மெஷினில் நடப்பதெல்லாம் சர்வரில் இருக்கும் டாலியைத் திறப்பதும் பிரௌஸரும்தான் என்றால், அதைத் தாராளமாக ஒல்லியாக்கலாம். லினக்ஸ் போட்டு, ரெம்மினா மாதிரி இலவச புரோகிராம் வழியாக விண்டோஸ் சர்வருக்குள் நுழையலாம். பழைய பெட்டி இன்னும் சில வருஷம் ஓடும். கொட்டேஷன் வந்தால் மட்டும் பெட்டி விலையைப் பார்த்து மயங்காமல் அடுத்த பக்கத்தைப் புரட்டுங்கள். சர்வர், சர்வருக்கு யு.பி.எஸ்., சர்வருக்குள் நுழைகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனி லைசென்ஸ் எல்லாம் அங்கேதான் பதுங்கியிருக்கும். இரண்டாவது சர்வர் ஒன்றும் அந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். டெஸ்க்டாப் காலத்தில் ஒரு மெஷின் படுத்தால் ஒருத்தர்தான் டீக்கடைக்குப் போவார். ஒல்லிகள் ஆபீஸில் சர்வர் படுத்தால், டீக்கடைக்காரர் கூடுதலாகப் பால் வாங்க வேண்டியிருக்கும்.