பயிற்சி கொடுத்தாயிற்று, சரக்கை வாங்குவது யார்?



கிராமத்துப் பெண்களை ஒரு கூடத்தில் கூட்டுகிறார்கள். கேழ்வரகில் சத்துமாவு, தினையில் லட்டு, வரகில் முறுக்கு என்று செய்யக் கற்றுக் கொடுக்கிறார்கள். கடைசி நாளில் சான்றிதழ், குழுப் படம், கைதட்டல். நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து அங்கே போய்ப் பாருங்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு விற்று முடித்துவிட்டு, அடுத்து யாரிடம் விற்பது என்று தெரியாமல் நிற்கும் குழுக்கள் எத்தனை! இயந்திரத்திற்கு வாங்கிய கடனின் தவணை மட்டும் மாதந்தோறும் தவறாமல் வந்து நிற்கிறது.

இந்தியாவின் முன்மொழிவை ஏற்று ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. மேடைதோறும் சிறுதானியத்தின் பெருமை பேசப்பட்டது. பேசியதில் பொய்யில்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லி கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் பெருமை பேசுவது வேறு, காசு கொடுத்து வாங்குவது வேறு!

கொல்லிமலை சொல்லும் பாடம்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையைப் பாருங்கள். அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து உண்டவர்கள். பிறகு அந்த நிலங்களில் பெரும்பகுதியை மரவள்ளி பிடித்துக்கொண்டது. சாமையைவிட மரவள்ளி சத்தானது என்பதாலா? இல்லவே இல்லை. சேலம், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை வாங்கக் காத்திருந்தன. கிழங்கைப் பிடுங்கினால் கையில் காசு. சாமைக்கோ அப்படி வாங்க ஆளில்லை. வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றாலும், உரலில் இட்டு உமி போகக் குத்துவதற்குள் பெண்களின் தோள் கழன்றுவிடும்.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் அந்த மலையில் வேலை தொடங்கியது. வெறும் சமையல் வகுப்போடு அது நிற்கவில்லை. உமி நீக்கும் இயந்திரங்கள் ஊருக்குள் வந்தன. சுய உதவிக் குழுக்கள் ரவை, மாவு, மால்ட் செய்யப் பழகின. பொட்டலத்துக்கும் விற்பனைக்கும் வழி தேடப்பட்டது. இயந்திரம், பயிற்சி, சந்தை மூன்றும் அடுப்புக் கல் போல. ஒன்றை எடுத்தால் பானை கவிழும்.

முதல் இரண்டை அரசும் நிறுவனங்களும் தரலாம். மூன்றாவது கல் யாரிடம் இருக்கிறது? வியாபாரிகளாகிய உங்களிடம்தான்!

கடைக்காரரின் நியாயம்

பெரிய கம்பெனியின் சத்துமாவுக்கு முன்பணம் கட்டி, கண்ணுக்கு நேரே அடுக்கி வைக்கிறோம். பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் கொண்டுவரும் மாவுக்கு, "வச்சுட்டுப் போங்கம்மா, வித்தா காசு" என்கிறோம். அடுத்த நடைக்கு அரிசி, பருப்பு வாங்க அவர்கள் யாரிடம் போவார்கள்? வட்டிக்காரரிடம்தானே! இது நியாயமா என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

இலவசமாக உதவுங்கள் என்று கேட்கவில்லை. வியாபாரமாகவே செய்யுங்கள்:

1. ஒரு குழுவிடம் மாதம் இத்தனை கிலோ என்று பேசி, கைக்குக் கை காசு கொடுங்கள். தரம் குறைந்தால் திருப்பி அனுப்புங்கள், அது உங்கள் உரிமை.

2. சரக்கின் தன்மையை அறியுங்கள். கம்பில் எண்ணெய்ப் பசை அதிகம். மாவாக்கி வைத்தால் சீக்கிரம் கசந்து சிக்கு வாடை அடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி உடனே விற்றுவிடுங்கள்.

3. "சர்க்கரை நோய் அடியோடு போகும்" என்று பொட்டலத்தில் பொய் அச்சிட விடாதீர்கள். உணவு மருந்தாகிவிடாது. பொய் சொல்லி விற்றால் ஒரு முறைதான் விற்கும்.

4. நோன்புக் கஞ்சிக்கு மூட்டை மூட்டையாக அரிசி வாங்குகிறோம். ஒருசில நாட்களாவது சாமைக் கஞ்சி காய்ச்ச மஹல்லாக்கள் முன்வந்தால், ஒரு குழுவின் பல மாதச் சரக்கு விலைபோகும்.

இளைஞர்களே! உங்களுக்கும் வேலை இருக்கிறது. 2020இல் மத்திய அரசு தொடங்கிய குறு உணவு நிறுவனங்களுக்கான திட்டத்தில், சுய உதவிக் குழு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனமும், தனிநபர் தொழிலுக்கு 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியமும் அறிவிக்கப்பட்டன. இத்தகைய அறிவிப்புகள் எத்தனை பெண்களின் காதுக்குப் போய்ச் சேர்ந்தன? விண்ணப்பம் எழுதவும், உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கவும், லேபிளில் தயாரித்த தேதியும் எடையும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும் படித்த பிள்ளைகள் துணை நிற்கலாமே! சரக்கைக் கடைக்குக் கொண்டுசேர்க்கும் ஏஜென்சியை நீங்களே தொடங்கலாமே! வேலைக்கு விசா வரும் என்று காத்திருக்கும் நேரத்தில் ஒரு தொழில் கைவசம் வரும்.

மரவள்ளியை ஜெயிக்க வைத்தது வாங்க நின்ற ஆலைதான். சாமையை ஜெயிக்க வைப்பது உங்கள் கடைப் பலகைதான். அதில் ஒரு வரிசையை ஒதுக்குங்கள்!