விருந்துக்கு வருபவர் யார்?

திருமணங்கள் சொர்க்கத்தில் நிச்சயிக்கப்படுகின்றன என்பார்கள். ஆனால் அமெரிக்காவின் பல மாநிலங்களில் அவற்றை நிச்சயித்தது தோலின் நிறமே! வெள்ளையரும் கறுப்பரும் மணப்பது அங்கே நெடுங்காலம் குற்றமாக இருந்தது.

1967-ல் ஸ்டான்லி கிரேமர் இயக்கி வெளிவந்த ‘கெஸ் ஹூ ஈஸ் கமிங் டு டின்னர்’ என்ற ஆங்கிலப் படம் இதைப் பற்றியதே. சான்பிரான்சிஸ்கோ நகரத்து வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, தான் மணக்க விரும்பும் கறுப்பின மருத்துவரை வீட்டிற்கு அழைத்து வருகிறாள். நிறவெறி தவறு என்று மகளுக்குக் கற்பித்த தந்தையே இப்போது தடுமாறுகிறார். ஊருக்கு உபதேசம் எளிது; சோதனை தன் வீட்டு வாசலுக்கு வரும்போதுதான்!

நல்ல படமே. ஆயினும் எனக்கு ஒரு கேள்வி. சிட்னி பாய்ட்டியர் நடித்த அந்த மருத்துவர் பெரும் புகழ் பெற்றவர்; குறையே காண முடியாத பண்பாளர். அவர் ஒரு கொத்தனாராக இருந்திருந்தால் அத்தந்தை சம்மதித்திருப்பாரா? வெள்ளையர் மனிதராக இருந்தால் போதும், கறுப்பர் மட்டும் மாமனிதராக இருக்க வேண்டுமா?

உண்மையில் அந்தச் சட்டத்தை வீழ்த்தியவர்கள் மாமேதைகள் அல்லர். ரிச்சர்ட் லவிங் என்ற வெள்ளையர் ஒரு கொத்தனார்தான். மில்ட்ரெட் என்ற கறுப்பினப் பெண்ணை 1958-ல் வாஷிங்டனில் மணந்து, சொந்த மாநிலமான வர்ஜீனியாவுக்குத் திரும்பினார். இருவரும் கைது செய்யப்பட்டனர். ஓராண்டுச் சிறை, அல்லது 25 ஆண்டுகள் ஒன்றாக அம்மாநிலத்தில் காலடி வைக்கக் கூடாது என்பதே தீர்ப்பு! அவர்கள் விடாமல் வழக்காடினர். 1967 ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் அத்தகைய சட்டங்களைச் செல்லாதவையாக்கியது. அப்போது 16 மாநிலங்களில் அவை இருந்தன.

படத்தின் கதை நடக்கும் கலிபோர்னியாவில் 1948-லேயே அச்சட்டம் வீழ்ந்துவிட்டது. அவ்வழக்கைத் தொடுத்த இருவரும் கத்தோலிக்கர். ‘எங்கள் திருச்சபை தடுக்காத திருமணத்தை அரசு தடுப்பது ஏன்?’ என்பதே அவர்கள் வாதம். இது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தியன்றோ!

சட்டம் மாறினால் உள்ளமும் மாறிவிடுமா? அலபாமா மாநிலம் செல்லாத அத்தடையைத் தன் அரசியல் சட்டத்திலிருந்து நீக்க 2000-ல்தான் மக்களிடம் வாக்கெடுத்தது. நீக்கம் வென்றது. ஆனால் வாக்களித்தவர்களில் பத்தில் நால்வர் அத்தடை இருக்கட்டும் என்றனர்!

ஆகவே தோழிகளே, நிறபேதமற்ற சமுதாயம் மேதைகளுக்கு மட்டும் கதவைத் திறப்பதன்று. விருந்துக்கு வருபவர் மருத்துவரோ கொத்தனாரோ, ‘நீ நல்லவனா? என் மகளை அன்போடு காப்பாயா?’ என்ற கேள்வி மட்டுமே எழ வேண்டும். இறைவனின் சாயல் எல்லா முகங்களிலும் உண்டு. அந்நாள் வரும் என்று நம்புவோம், அதற்காக உழைப்போம்!