ஒரே இருளா, இருவேறு இருளா?

பலர் கூடிப் பொருதுகின்ற கணினி விளையாட்டுகளில், இருண்ட களத்தில் எதிரியை முதலில் காண்பவனே பெரும்பாலும் வெல்கின்றான். அக் காட்சி கண்ணின் கூர்மையால் வந்ததாயின் அது வெற்றி. திரையைத் திருத்தியதால் வந்ததாயின் அதனை வெற்றியென்பதா?

2018-இல் முழு வடிவம் பெற்ற ‘இரசுட்டு’ என்னும் விளையாட்டில் இரவு மையிருளாக வரும். தீப்பந்தம் ஏந்தினாலோ, ஏந்தியவனையே அது காட்டிக்கொடுத்துவிடும். நெறிப்படி ஆடுகின்றவன் இருளில் தடுமாற, மற்றொருவன் திரையின் ஒளியளவை ஏற்றி இரவைப் பகலாக்கிக் கொள்கின்றான். அவன் வென்றது எதிரியையன்று, ஆட்டத்தின் நெறியையே!

2020-இல் வெளிவந்த ‘வாலரண்டு’ வேறுவழி கண்டது. எதிரியின் உருவைச் சுற்றிச் செந்நிறக் கோடு வரைந்தது. செந்நிறத்தைப் பிரித்தறிய இயலாதார் மஞ்சள் நிறக் கோட்டைத் தேர்ந்துகொள்ளவும் இடந்தந்தது. நிழலில் நிற்பவனும் எல்லார் கண்ணுக்கும் புலப்படுகின்றான். எஞ்சுவது கைத்திறனும் மதிநுட்பமுமே.

இருளுக்கும் ஓர் அழகுண்டு, மறுப்பாரில்லை. தனியே ஆடும் ஆட்டத்தில் அச்சமூட்ட அது வேண்டும். போட்டியென்று வந்தபின்னரோ, இருவர்க்கும் அஃது ஒரே இருளாக இருத்தல் வேண்டும். அவ்வாறு அமைக்க மாட்டாதார், களத்தில் விளக்கேற்றி வைப்பாராக!